நங்கூரம் எடுக்காத கித்தேரி

சாளை மீன் எங்கள் சிலுவைத்துறைக் கரையை மறந்தேபோன அந்த வருஷத்தில், மழைக்காலம் ஓய்ந்து கடல் கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்த சனம், கரைக்குக் கிட்டத்தில் ஒரு வள்ளம் நிற்பதையும், அதில் நீலச் சுடிதார் போட்ட கித்தேரி நின்றுகொண்டு எஞ்சின் கயிற்றை இழுப்பதையும், வள்ளம் துள்ளிப் பாய்வதையும், நங்கூரக் கயிறு விறைத்து அதைச் சுண்டி இழுப்பதையும், கித்தேரி தலைகுப்புறக் கடலுக்குள் போய் விழுவதையும் பார்த்துச் சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் வள்ளம் பழைய இடத்திலேயே நின்றது, கித்தேரி துளி ஈரம் இல்லாமல் அதற்குள் நின்றாள், துப்பட்டாவில் கையைத் துடைத்தாள், கயிற்றை இழுத்தாள், விழுந்தாள். இப்படி அவள் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தபோதுதான் யாரோ பின்னால் திரும்பினார்கள். கித்தேரி தன் அம்மாவுக்குப் பக்கத்தில், தலையில் முக்காடு போட்டபடி, கோயில் படியில் நின்றிருந்தாள்.

அது பேயோ பிசாசோ என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேய்க்கு எதற்கு எஞ்சின்? எல்லாரும் தங்கள் போனில் பார்த்து, மச்சானுக்கு அனுப்பி, மஸ்கட்டில் இருக்கிற சித்தப்பா அதையே திருப்பி அனுப்ப, புதுசுபோல மறுபடியும் பார்த்துச் சிரித்த வீடியோதான் அது. அதுவும் எத்தனை நாள்தான் போனுக்குள்ளேயே அடைந்துகிடக்கும், பார்க்கிற கண் கூடக்கூட உள்ளே இடம் பற்றாமல் வெளியே வந்துவிட்டது என்று மீன் ஏலம் விடுகிற சந்தியாகு சொன்னார். அதைவிட நல்ல விளக்கம் யாரிடமும் இல்லாததால் ஊர் அதையே வைத்துக்கொண்டது.

வீடியோ வந்த கதை இதுதான். கித்தேரி, சூசை மிக்கேலின் மூத்த மகள், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அப்பாவின் வள்ளத்து எஞ்சின் படுத்துக்கொண்டது. கரையில் எஞ்சின் வேலை பார்க்கிற லூர்து அதைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இத பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் முழுவதும் அந்த எஞ்சின் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தது. கித்தேரி அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள், எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒரு மெக்கானிக் என்ன பாஷை என்றே தெரியாத ஒரு பாஷையில் பேசிப் பேசி எஞ்சினைப் பிரிப்பதைப் பார்த்தாள். அவர் வாயை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தாள், நிறுத்திப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். அவர் கழற்றியதைக் கழற்றி, துடைத்ததைத் துடைத்து, மாட்டியதை மாட்டினாள். அந்த மனுஷர் நீலக்கலர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் எஞ்சினை மாட்டித்தான் ஓட்டிக் காட்டுவார். அவருக்குக் கடலும் இல்லை, வள்ளமும் இல்லை.

மழை விட்டது. ஆம்பளைகள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் பக்கத்து ஊர் போயிருந்த பகல் ஒன்றில், கித்தேரியும் அவள் சித்தி மகள் டெல்பினும் எஞ்சினைச் சுமந்துபோய், கரைக்குக் கிட்டே நங்கூரம் போட்டு நின்ற அப்பாவின் வள்ளத்தில் மாட்டினார்கள். எங்கள் கரையில் பொம்பளைக்கு மீன் உண்டு, கூடை உண்டு, கிழிந்த வலை பொத்துகிற வேலை உண்டு, வள்ளம் கிடையாது. கித்தேரி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வள்ளத்துக்குள் ஏறி நின்றாள். டெல்பின் இடுப்பளவு தண்ணீரில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். கித்தேரி கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது, போனைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டி, கைப்பிடியை முறுக்கினாள். மிச்சத்தை உலகம் பார்த்தது.

டெல்பின் கெட்டவள் இல்லை. சிரிப்பு வந்தது, போட்டாள். எஞ்சின் சத்தத்தை எடுத்துவிட்டு, கூட்டமாக ஆட்கள் சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்து, 'எங்க அக்கா பறக்குறா' என்று எழுதிப் போட்டாள். அவள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பதற்குள் அது மணப்பாட்டைத் தாண்டியிருந்தது. கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்த பிள்ளை, நங்கூரத்தைத் தூக்காமல் எஞ்சினை முடுக்கியிருக்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா, தெற்கே குமரி வரைக்கும் வடக்கே நாகப்பட்டினம் வரைக்கும் கடல் தெரிந்தவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பயந்துபோய் டெல்பின் அதை அழித்தாள். அழித்ததால் அவள் போனில் மட்டும் அது இல்லாமல் போயிற்று. அழுதுகொண்டே வந்து நின்றவளிடம் கித்தேரி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அழாத ட்டி. எஞ்சின் ஓடிச்சுல்லா?"

எஞ்சின் ஓடியது. மறுநாளிலிருந்து சூசை மிக்கேல் அதே எஞ்சினில்தான் தொழிலுக்குப் போனான். எஞ்சின் ஓடியதால்தானே வள்ளம் பாய்ந்தது, பாய்ந்ததால்தானே பிள்ளை விழுந்தாள் என்ற சின்னக் கணக்கு மட்டும் இத்தனை பெரிய ஊரில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. "உள்ள தண்ணி கோத்திருந்துச்சு, அந்தக் குலுக்கல்ல சரியாயிருக்கும்" என்றார் லூர்து.

சரி, வீடியோ கடலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஊர் என்ன செய்தது? முதல் வாரம் வேடிக்கை பார்த்தது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், தீர்த்தம் அவளுக்குள் புகுந்து கடலில் விழுந்தது, அவள் கையைத் துடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். பையன்கள் நீந்திப்போய் வள்ளத்தைத் தொட்டார்கள், கை அந்தப் பக்கமாக வெளியே வந்தது. போனில் படமெடுத்தால் வெறும் தண்ணீர்தான் விழுந்தது. ஒருத்திக்கு இத்தனை தடவை விழுந்தால் பசிக்காதா என்று மனசு கேட்காமல் ஜொஸ்பின் அக்கா சோறும் மீன்குழம்பும் கொண்டுபோய்க் கரையில் வைத்தாள், அதைக் காக்காய்கள் தின்றன. இரண்டாவது வாரம் ஊர் அவளுக்குப் பெயர் வைத்தது. இவள் கரைக் கித்தேரி, அவள் கடல் கித்தேரி. மூன்றாவது வாரம் மறந்துபோனது. தொழிலுக்குப் போகிறவர்கள் விழுகிற பிள்ளைக்கு இடப்பக்கம் திருப்பி வள்ளத்தை ஓட்டப் பழகினார்கள், பஸ் கண்டக்டர் "விழுற புள்ள ஸ்டாப்பு எறங்கு" என்று கத்தினார், அழுகிற குழந்தைகளை இடுப்பில் தூக்கிவந்து "அக்கா பாரு, அக்கா விழுதா பாரு" என்று சோறூட்டினார்கள், வெளியூர்க் கல்லூரியிலிருந்து கண்ணாடி போட்ட சிலர் வந்து எதையெதையோ அளந்துவிட்டு, டீ குடித்துவிட்டு, அளந்ததை யாரிடமும் சொல்லாமல் போனார்கள்.

அப்புறம்தான் சாளை வந்தது. அவள் விழுகிற ஓசையா, எழும்புகிற நுரையா, எது பிடித்ததோ தெரியாது, அவள் விழுகிற இடத்தைச் சுற்றிச் சாளை மீன் கூட்டங்கூட்டமாக வந்து மொய்த்தது. ஒரு வருஷமாக வெறும் வலையை உதறிக்கொண்டிருந்த கரையில் மீன் குவிந்தது. அடிதடி வந்துவிடக் கூடாது என்று ஊர்க்கமிட்டி கூடி, கரைவலைக்கு முறை வைப்பதுபோல, அவள் விழுகிற இடத்தில் வலைபோடவும் வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்தது. கோயிலுக்கு ஒரு பங்கும் ஒதுக்கியது. அதற்குப் பிறகு அவள் விழுவதைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. சோற்றைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

கரைக் கித்தேரி கடல் பக்கமே திரும்பவில்லை. சந்து வழியாகக் கடைக்குப் போனாள், சந்து வழியாக வந்தாள். எங்கே போனாலும் அவளை முந்திக்கொண்டு அந்த வீடியோ போய் உட்கார்ந்திருந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் போனை நீட்டி "இது நீதானம்மா?" என்று கேட்டுவிட்டுக் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கெல்லாம் அவள் கவலைப்படவில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து, நீல டிரம்காரரின் மிச்ச வீடியோக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். பார்ப்பதோடு நின்றுவிட மனசில்லாமல், சந்தியாகுவின் குப்பையில் கிடந்த ஒரு பழைய எஞ்சினைக் கேட்டு வாங்கி, அதையும் பிரித்துப் போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியில் புதிதாகத் திறந்த ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து ஊருக்குச் சேதி வந்தது. படகு எஞ்சின் வேலை கற்றுத் தருவார்கள், தங்க இடம் தருவார்கள், படிப்பு முடிந்தால் வேலையும் உண்டு. ஆனால் ஒரு கரைக்கு ஒரு ஆள்தான், அதுவும் ஊர்க்கமிட்டி பெயர் சொல்லி அனுப்புகிற ஆள். சேதி காதில் விழுந்த நிமிஷமே கித்தேரி முடிவுசெய்துவிட்டாள், அந்த இடம் எனக்கு. அப்படி ஒரு பிடிவாதம் அவள் முகத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று அவள் அம்மா தொம்மையம்மாள் பிற்பாடு சொன்னாள்.

கமிட்டி கூடிய சாயங்காலம் அவளே நேராகப் போய் நின்றாள். தலைவர் ரெமிஜியுஸ் மச்சாது நல்ல மனுஷர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர், அதனாலேயே யாருக்கும் உதவாதவர். "உக்காரு மக்கா" என்றார். அவள் உட்காரவில்லை.

"மாமா, தூத்துக்குடிக்கு என் பேரச் சொல்லுங்க."

"ஒம் மேல எங்களுக்கு ஒரு கொறையும் கெடையாது, மக்கா. ஆனா அங்கன பாரு." சன்னல் வழியாகக் கடலைக் காட்டினார். வெளியே அவள் விழுந்தாள். "ஒருத்தி நங்கூரத்த எடுக்காம விழுந்துகிட்டே கெடக்கா. எங்க ஊரு மெக்கானிக்குன்னு ஒன்ன அனுப்புனா மத்த கரைக்காரன் என்ன சொல்லுவான்?"

"எங்க அப்பா இப்ப எந்த எஞ்சின்ல தொழிலுக்குப் போறாவ?"

"அது வேற விசயம்."

"சரி. அவ விழாம நின்னுட்டா?"

மச்சாது மோவாயைத் தடவினார். "நின்னுட்டா யோசிக்கலாம்."

"அப்ப நான் நிறுத்துதேன்."

நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. "நிறுத்துறதா?" என்று எழுந்தார் ஒருத்தர். "அடுத்த வாரம் எங்க முறை!" என்றார் இன்னொருத்தர். "சும்மா வுளுந்துட்டுப் போறா, அவ ஒனக்கு என்ன ட்டி செஞ்சா?" என்று கேட்டார் போன வாரம் முறை முடித்து, புது வலை வாங்கியிருந்த மனுஷர்.

கித்தேரி அவர்கள் எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு சொன்னாள்.

"அவ விழுறதுல வாற மீனு ஒங்களுக்கு இனிக்கி. அவ விழுதாங்குறதுக்காக என் பேரு மட்டும் ஒங்களுக்குக் கசக்கு. அது எப்படி மாமா ரெண்டும் ஒரே வாய்க்குள்ள இருக்கு? நங்கூரத்தத் தூக்கணும்னு எனக்கு எவன் சொல்லித் தந்தான்? போன்ல உள்ளவன் சொல்லல, பாவம், அவன் டிரம்முல எஞ்சின ஓட்டுனான், டிரம்முக்கு ஏது நங்கூரம்? நீங்க சொல்லியிருக்கணும். எங்க வயசுப் பயலுவள நடக்குறதுக்கு முன்னாடியே வள்ளத்துல தூக்கி வச்சிய. பொட்டப்புள்ளையா எங்கள ஒருநாள் ஒருபொழுது ஏற விட்டீயளா? ஏற விடாம வச்சிட்டு, ஏறத் தெரியலன்னு சிரிக்கிய."

கமிட்டியில் ஒருத்தர் டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார். நியாயம் என்று அவர்களுக்கும் தெரிந்தது, நியாயத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றார் மச்சாது.

மறுநாள் விடிந்ததும் கித்தேரி சந்து வழியாகப் போகவில்லை. தெருவின் நடுவில் நடந்து, ஏலக்கொட்டகையைத் தாண்டி, முறைக்காரர்கள் வலையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, சுடிதாரோடு தண்ணீரில் இறங்கினாள். நெஞ்சளவு தண்ணீரில் அந்த வள்ளத்தின் பக்கத்தில் போய் நின்றபோதுதான், இத்தனை மாதமாகப் பார்க்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தவள், அவளை முதல் தடவையாகப் பார்த்தாள். ஒரு பிள்ளை துப்பட்டாவில் கையைத் துடைத்தாள், முகமெல்லாம் கிரீஸ், "இப்ப பாருங்க" என்றாள். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அலைச்சத்தத்தில் கேட்டிருக்காது, போனில் பார்த்தவர்களுக்குச் சிரிப்புச் சத்தத்தில் கேட்டிருக்காது. அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. இவ்வளவு சந்தோஷமாகவா நான் இருந்தேன் என்று கித்தேரி அவளையே பார்த்தாள். இந்தப் பிள்ளையைப் போய் இத்தனை நாள் வெறுத்துக்கொண்டிருந்தோமே என்று அழுகை வந்தது, அழுதாள், கடலில் நின்று அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது. அதற்குள் எஞ்சின் உறுமியது, வள்ளம் பாய்ந்தது, அவள் இவள் தலைக்கு மேலேயே பறந்து விழுந்தாள்.

"நங்கூரத்த எடு ட்டி!" என்று கத்தினாள் கித்தேரி. மற்றவளுக்குக் கேட்கவில்லை. துப்பட்டாவில் கையைத் துடைத்தாள். அப்போதுதான் கித்தேரி தண்ணீருக்குள் கையைவிட்டு நங்கூரக் கயிற்றைத் தேடினாள். ஊரில் யார் கைக்கும் அகப்படாத அந்தக் கயிறு அவள் கையில் நன்றாகச் சொரசொரவென்று அகப்பட்டது. இழுத்தாள். அது அசையவில்லை. ஒவ்வொரு ஆள் சிரிக்கும்போதும் ஒரு நூலளவு இறங்கி, தெற்கு முழுவதும் சிரித்த சிரிப்பில் அந்த நங்கூரம் சேற்றுக்குள் எங்கேயோ அடியில் போய் உட்கார்ந்திருந்தது. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறியது. தோல் உரிந்து கை எரிந்தது. உப்பு வேறு. மற்றவள் கையைத் துடைப்பதும், கயிற்றை இழுப்பதும், விழுவதுமாக இருந்தாள். விடவில்லை கித்தேரி.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. "பைத்தியம் புடிச்சிருச்சு புள்ளைக்கு, கூப்புடுங்க" என்றார்கள் ஆம்பளைகள். தொம்மையம்மாள் கூடையை இறக்கி வைத்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், டெல்பினைப் பார்த்தாள். "வா ட்டி. நீ போட்ட படந்தான அது? வந்து புடி."

டெல்பின் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள், கை காற்றைப் பிடித்தது. தொம்மையம்மாள் பிடித்தாள், அவள் கைக்கும் தண்ணீர்தான் கிடைத்தது. பிறகு தொம்மையம்மாள் கயிற்றை விட்டுவிட்டு மகளின் இடுப்பைப் பிடித்தாள். மகளைப் பிடிக்க முடிந்தது. டெல்பின் பெரியம்மாவின் இடுப்பைப் பிடித்தாள். ஜொஸ்பின் அக்கா டெல்பினைப் பிடித்தாள். ஏலக்கொட்டகையில் மீனுக்காகக் காத்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி வந்தார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் வந்தார்கள், அந்த வீடியோவைத் தெருத்தெருவாகக் காட்டியவளும் வந்தாள். ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்து, கடலிலிருந்து கரை வரைக்கும் வரிசை நீண்டு, கரையேறி மணலிலும் நீண்டது. கரைவலை இழுக்க ஆம்பளைகள் போடுகிற அதே குரலைப் போட்டு, அவர்கள் கித்தேரியைப் பிடித்து இழுத்தார்கள், கித்தேரி கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

தொழில் முடிந்து திரும்பிய சூசை மிக்கேல் இதைக் கடலிலிருந்தே பார்த்தான். மகள் சரிசெய்த எஞ்சினை அணைத்தான். அப்புறம் கரையேறி வந்து, வரிசையில் கடைசியாக நின்ற தன் கொழுந்தியாளுக்குப் பின்னால் மணலில் காலை ஊன்றி, அவள் சேலை முந்தியைப் பிடித்து இழுத்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சில ஆம்பளைகள் வந்தார்கள். முறைக்காரர்கள் மட்டும் வலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சேறு கலங்கிக் கடல் கறுத்தது. நங்கூரம் வந்தது. வரிசை முழுவதும் தண்ணீரிலும் மணலிலுமாக மல்லாந்து விழுந்தது.

கடல் கித்தேரி "இப்ப பாருங்க" என்றாள், கயிற்றை இழுத்தாள், எஞ்சின் உறுமியது, கட்டைவிரலைக் காட்டினாள், கைப்பிடியை முறுக்கினாள். வள்ளம் பாய்ந்தது. அவள் விழவில்லை. அதற்கு அப்புறம் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது, பாவம், அதற்கு அப்புறம் என்று ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. வள்ளம் கோணல்மாணலாக ஓட, பயந்துபோய் அவள் திரும்பிப் பார்த்தாள். "கைப்பிடிய நேரா புடி ட்டி!" என்று கத்தினாள் கித்தேரி. "மெதுவா விடு! மெதுவா! ஒனக்குத் தெரியும்!" இந்த முறை அவளுக்குக் கேட்டது. வள்ளம் நேராகியது. நீலச் சுடிதார் சின்னதாகிக்கொண்டே போய்க் கடலோடு கடலாகியது. சாளைக் கூட்டம் முழுவதும் அந்த நுரைக்குப் பின்னாலேயே போயிற்று.

"மீன வெரட்டிட்டாளே!" என்று முறைக்காரர்கள் கமிட்டிக்கு ஓடினார்கள். மச்சாதுவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, யோசித்துச் சொல்கிறோம் என்றதற்குப் புதுசாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது வாசல் நிறைந்தது. சேலையெல்லாம் சொட்டச் சொட்ட, தலையெல்லாம் மணலாக, ஊரிலுள்ள பொம்பளைகள் அத்தனை பேரும் உள்ளே வந்து நின்றார்கள். கித்தேரியைத் தவிர அவர்களில் யாரும் கமிட்டி அறைக்குள் அதற்கு முன் வந்ததில்லை. தொம்மையம்மாள் மட்டும் பேசினாள்.

"தலைவரே, நாங்க கூடையத் தூக்குனாத்தான் ஒங்க மீனு காசு. பேரச் சொல்லுங்க, தூக்குதோம்."

மச்சாது நனைந்த தரையைப் பார்த்தார். முறைக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் தங்கள் தங்கள் பெண்டாட்டிகளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். "கித்தேரின்னே சொல்லிருவோம்" என்றார்.

பொய் சொல்வானேன், அந்த வருஷம் நாங்கள் கஷ்டப்பட்டோம். சாளை திரும்ப வரவில்லை. சண்டைகள் வந்தன, கஞ்சி காய்ச்சினோம், கித்தேரியைத் திட்டியவர்களும் உண்டு. ஆனால் வள்ளத்தில் ஏறாதே என்று ஒரு பெண்பிள்ளையைச் சொல்ல அதற்குப் பிறகு எந்த ஆம்பளைக்கும் வாய் வரவில்லை. டெல்பின்தான் முதலில் ஏறினாள்.

போனில் ஒன்றும் மாறவில்லை. கடலிலிருந்து போனவள் போனுக்குள் மட்டும் விழுந்துகொண்டேதான் இருந்தாள், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த வீடியோ கித்தேரிக்கு முன்னாலேயே தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பயிற்சி நிலையத்தில் முதல் நாள், கரைக்கு ஒருத்தராக வந்திருந்த பையன்கள், அவள் உள்ளே நுழைந்ததும் ஒருத்தரை ஒருத்தர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள், போன்கள் பெஞ்சுக்கு அடியில் கைமாறின. சொல்லித்தருகிறவர் ஒவ்வொருத்தராக எழுந்து பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னார். அவள் முறை வந்தது.

"என் பேரு கித்தேரி. ஊரு சிலுவைத்துறை. நங்கூரத்த எடுக்காம எஞ்சின முடுக்கி விழுந்த புள்ள நாந்தான்."

அறை வெடித்துச் சிரித்தது. சொல்லித்தருகிறவரும் வாயைப் பொத்திக்கொண்டார். கித்தேரி உட்காரவில்லை. தலையைக் குனியவில்லை. பஸ் வருவதற்காக நிற்கிறவள் மாதிரி நிதானமாக நின்றாள், ஒவ்வொருத்தனாக ஓய்ந்து, கடைசி ஆள் கண்ணைத் துடைத்துக்கொள்கிற வரைக்கும் நின்றாள். பிறகு சுடிதார்க் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டாள். "எஞ்சின் எங்க இருக்கு?"